விழுந்தவனை யாரும் அடிப்பதில்லை

ரெட் லோட், மொண்டானா
7 மார்ச் 1948

அன்பான ஸ்டிப்போவுக்கு,

உன் அக்கா ஜெல்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ மட்டும் போன சனிக்கிழமை ரியால்டோ தியேட்டரில் செத்துப்போனாய்.

இந்தத் தடவை தானியக் கிடங்கின் உச்சியிலிருந்து. கதாநாயகன் பாவம், உன்னைத் தூக்கிவிடக் கை நீட்டினான். நீ என்னடா என்றால் காலுறையிலிருந்து கத்தியை உருவினாய். பிறகு விழாமல் என்ன செய்வாய்? கீழே போய்ச் சேர்ந்ததும் தியேட்டரே கை தட்டியது. நானும் தட்டினேன். சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த ஊரில் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு மிசஸ் ஹர்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் தம்பிக்கு உங்க அம்மா பால் குடுத்தாளா, விஷம் குடுத்தாளா?" என்றாள். "அம்மா குடுத்தது முட்டைக்கோஸ் சூப்புதான். மிச்சமெல்லாம் நீங்க டிக்கெட் வாங்கிக் குடுத்தது" என்றேன். என் கையை விட்டுவிட்டு நடந்தாள்.

உன் அத்தானுக்கு உன் படம் வந்தால் திருவிழாதான். எம்மெட் இப்போது சுரங்கத்தில் மேஸ்திரி. கீழே இறங்குகிற ஆட்கள் எல்லோரும் அவர் சொன்னபடிதான் கேட்க வேண்டும். மதுக்கடையில் உட்கார்ந்து "ஸ்டீவ் பாரிக் யாருன்னு நெனச்சே? என் பொண்டாட்டி தம்பி" என்று ஊரைக் கூட்டுகிறார். பாட்டுக்காரியை நீ புறங்கையால் அறைகிறாயே, அந்த அறைக்கு இங்கே உன் பெயரையே வைத்துவிட்டார்கள். 'பாரிக் அறை.' ஆண்கள் ஒருவருக்கொருவர் காற்றில் வீசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். எம்மெட்டும் வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு எனக்கு ஒரு தடவை செய்து காட்டினார். விளையாட்டுக்குத்தான்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. படியில் வழுக்கி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.

ஒரு படத்திலாவது உயிரோடு வீடு திரும்பக் கூடாதா? ஒவ்வொரு சாவுக்கும் நான் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன். பாதிரியார் என்னைப் பைத்தியம் என்கிறார்.

உன்னைப் பிழைக்க வைக்க ஆசைப்படும்,
அக்கா ஜெல்கா

*

ஹாலிவுட்
21 மார்ச் 1948

என் பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒப்பனை அறையில் நெற்றியில் போலி ரத்தத்தோடு படித்தேன். சிரித்ததில் ரத்தம் கண்ணுக்குள் போய்விட்டது. ஒப்பனைக்காரன் திட்டினான்.

மெழுகுவத்தியை மிச்சப்படுத்து. வெளிச்சம் சரியில்லை என்றால் நான் ஒரே சாவை நாலு தடவை சாக வேண்டியிருக்கிறது. உனக்குக் கட்டுப்படியாகாது.

நான் இங்கே வந்த கதையை நீ மிசஸ் ஹர்லியிடம் சொல்லலாம். குத்துச்சண்டைக் கூடத்தில் பெரிய ஆட்கள் பழகுவதற்கு அடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் படத்தில் கூட்டத்தோடு நிற்கக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். டைரக்டர் என் முகவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இந்த மூக்க ஒடச்சவன் யாருய்யா? அவனுக்கு நான் ஒரு சாராயம் வாங்கிக் குடுக்கணும்" என்றார். அன்றிலிருந்து என் மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. கதாநாயகனுக்கு முகம் அழகாக இருந்தால் போதும். அவனை நல்லவனாகக் காட்டுவதற்கு என்னைப் போல ஒருவன் அசிங்கமாக இருக்க வேண்டும், அசிங்கமாக நடந்துகொள்ள வேண்டும், பிறகு ஜனம் திருப்தியோடு வீட்டுக்குப் போகிற மாதிரி சாக வேண்டும்.

அந்த அறையைப் பற்றி ஊரார் பேசுகிறார்கள் என்றாய். அக்கா, நான் அந்தப் பெண்ணைத் தொடவேயில்லை. கேமராவுக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே என் கை காற்றில் போகும். அதே நேரத்தில் அவள் முகத்தை வெடுக்கென்று திருப்ப வேண்டும். அவ்வளவுதான். சத்தம் பின்னால் தோல் மெத்தையை அடித்துச் சேர்ப்பது. காட்சி முடிந்ததும் அவள் எனக்குச் சாக்லேட் கொடுத்தாள். "இவ்வளவு மென்மையா யாரும் என்ன அடிச்சதில்ல" என்றாள்.

அடி வாங்குவதுதான் நிஜம். கதாநாயகர்களுக்குத் தூரம் பார்க்கத் தெரியாது. போன மாதம் ஒருவன் நிஜமாகவே தாடையில் இறக்கிவிட்டு, "சாரி பாரிக், எனக்கு ரொம்ப உணர்ச்சி வந்துடிச்சி" என்றான். இரண்டு பல் ஆடுகிறது. நான் பதிலுக்கு அடிக்க முடியாது. அவன் முகத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. என் முகம் எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு நல்லது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. பனியில் உறைந்த படியில் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடி ஏறியவள் நீ. நீயா வழுக்கினாய்?

உன் கையால் அடி வாங்கி வளர்ந்த,
ஸ்டிப்போ

*

ரெட் லோட்
18 ஏப்ரல் 1948

அன்பான ஸ்டிப்போவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். படியில் வழுக்கவில்லை. எம்மெட் முறுக்கினார்.

முன்பும் உண்டு. குடித்தால் தள்ளுவார், முடியைப் பிடிப்பார், மறுநாள் பூசைக்குப் போய் எல்லாரையும்விட சத்தமாகப் பாடுவார். நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உன் படம் வந்த பிறகு அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. என்னை அடுப்புப் பக்கம் நிற்க வைக்கிறார். கையை உன்னைப் போலவே கொண்டுபோகிறார். "உன் தம்பியே பொம்பளய அடிக்கிறான். ஊரே காசு குடுத்துப் பாக்குது. நான் ஓசியில காட்டுறேன், வலிக்குதா ஒனக்கு?" என்கிறார். அவர் கை காற்றில் போவதில்லை, ஸ்டிப்போ. காது இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அதில் நடிக்காவிட்டால் அவர் வேறு எங்காவது கற்றுக்கொண்டிருப்பார்.

பாதிரியாரிடம் போனேன். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, மேஸ்திரி வேல லேசுப்பட்டது இல்ல" என்றார். வீடு சுரங்கக் கம்பெனியுடையது. அம்மா அப்பா கல்லறையில். எனக்கு நீ ஒருவன்தான்.

நான் அங்கே வந்துவிடட்டுமா? உனக்குச் சமைப்பேன், துணி துவைப்பேன், நீ சாவதற்குக் கிளம்பும்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். காலை ரயில் கிளம்பும்போது எம்மெட் பூமிக்கடியில் சுரங்கத்தில் இருப்பார். அவர் மேலே வருவதற்குள் நான் மாநில எல்லையைத் தாண்டிவிடுவேன். தேடிக்கொண்டு வந்தாலும் உன் முகத்தைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவார். உலகமே உன்னைப் பார்த்துப் பயப்படுகிறதே.

வா என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

காத்திருக்கும்,
அக்கா

*

ஹாலிவுட்
2 மே 1948

என் உயிரான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைச் சுவரில் குத்தினேன். வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். எம்மெட்டின் கழுத்தை என் இரண்டு கையாலும் நெரிக்க வேண்டும் போலிருக்கிறது. மாதா மேல் ஆணை.

நீ வரத்தான் வேண்டும். ஆனால் ஆகஸ்ட் வரை பொறு, என் தங்கமே. காரணம் சொல்கிறேன், கோபிக்காமல் கேள்.

எனக்கு ஒரு வேஷம் வந்திருக்கிறது. இத்தனை வருஷம் இதற்காகத்தான் செத்தேன். கூலிக்குக் கொலை செய்கிற ஒருவன். கடைசிக் காட்சி வரை உயிரோடு இருக்கிறான். சுவரொட்டியில் மூன்றாவது பெயர் என்னுடையது. ஒப்பந்தத்தில் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, ஊர்வாயில் விழுந்தால் வேஷம் போய்விடும். உன் விஷயத்தை விளம்பர அதிகாரி லானிங்கிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. "பாரிக், திரையில நீ எத்தன பொம்பளய வேணாலும் அடி. ஆனா ஓடி வந்த ஒருத்தியத் தேடி அவ புருஷன் ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, அது பேப்பர்ல வந்துச்சுன்னா, வேற மூக்கு பாத்துக்குவாங்க" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் படப்பிடிப்பு முடிகிறது. அப்போது தனி வீடு எடுக்கிறேன். உனக்கு ஒரு அறை, வாசலில் எலுமிச்சை மரம். சத்தியம்.

அதுவரை உனக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். கையைப் பார்க்காதே, தோளைப் பார். அடிக்கப் போகிறவனுக்கு முதலில் தோள்தான் அசையும். அடி வரும்போது எதிர்க்காதே, அது போகிற பக்கம் முகத்தையும் கொண்டுபோ. பாதி வலி அதிலேயே போய்விடும். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழு. உள்ளங்கையால் தரையை ஓங்கி அடி, சத்தம் பெரிதாகக் கேட்கும். அடித்தவனுக்குத் திருப்தியாக இருக்கும். பிறகு எழுந்திருக்காதே. இதுதான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிட. விழுந்தவனை யாரும் அடிப்பதில்லை. எழுந்திருக்கிறவனைத்தான் அடிப்பார்கள்.

வீட்டில் ஆள் இல்லாதபோது பழகிப் பார். இந்தக் கடிதத்தையும் முன்பு எழுதியதையும் அடுப்பில் போட்டுவிடு. எம்மெட் கண்ணிலும் பட வேண்டாம், வேறு யார் கண்ணிலும் பட வேண்டாம்.

ஆகஸ்டை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஸ்டிப்போ

*

ரெட் லோட், மருத்துவமனை
11 ஜூலை 1948

ஸ்டிப்போவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது.

நீ சொன்னபடி பழகினேன். சமையலறையில் மெத்தையை விரித்துப்போட்டு, அடுப்பையே எம்மெட்டாக நினைத்துக்கொண்டு தினமும் விழுந்தேன். உன் அக்கா இந்த வயதில் பள்ளிக்கூடப் பெண் மாதிரி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உருளுவதை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் வாரம் முழங்கை எல்லாம் காயம். பிறகு வந்துவிட்டது. மெத்தை இல்லாமலே விழ வந்தது. சிரித்துக்கொள்ளக்கூடச் செய்தேன்.

முதல் தடவை வேலை செய்தது. அவன் கன்னத்தில் விட்டான், நான் முகத்தோடு போனேன், தரையை ஓங்கி அடித்தேன், கிடந்தேன். அவனே கொஞ்சம் பயந்துவிட்டான். "ஏய், எந்திரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். கன்னத்தில் ஒரு தடம்கூட இல்லை. என் தம்பி மகராசன் என்று நினைத்தேன்.

இரண்டாவது தடவையும் அப்படியே விழுந்தேன். நீ சொன்னாய் என்று எழுந்திருக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவன் சுரங்க பூட்ஸைக் கழற்றவில்லை. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். முதலில் விலாவில், அப்புறம் வயிற்றில், அப்புறம் முதுகில். எண்ணவில்லை. "நடிக்கிறியாடி? நடிக்கிறியா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். நான் கிடக்கக் கிடக்க அவனுக்கு வெறி ஏறியது.

விலா எலும்பு மூன்று போயிற்று. உள்ளே எதையோ வெட்டி எடுத்தார்கள். அது இல்லாமலும் வாழலாமாம். நான் நிலவறைப் படியில் விழுந்துவிட்டதாக அவன் டாக்டரிடம் சொன்னான். நான் மயக்கத்தில் கிடந்தேன்.

விழுந்தவனை யாரும் அடிப்பதில்லை என்று உனக்கு யாரடா சொன்னது?

ஜெல்கா

*

தெற்கே போகும் ரயிலில்
19 ஜூலை 1948

அக்கா,

ரயில் ஆட்டத்தில் எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

எங்கள் படங்களில் விழுந்தவனைக் கதாநாயகன் அடிக்க மாட்டான். அடித்தால் ஜனம் அவனை வெறுத்துவிடும். அவன் எழுந்து நிற்கும்வரை காத்திருப்பான். இத்தனை வருஷம் அதிலேயே இருந்து இருந்து, உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்று நினைத்துவிட்டேன். என்னைவிடப் பெரிய முட்டாள் எங்கே இருக்கிறான்.

நான் உன் ஊருக்கு வந்ததை இதற்குள் நர்ஸ்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை நம்பாதே. நடந்ததை நானே சொல்கிறேன்.

ரயிலை விட்டு இறங்கி நேரே மதுக்கடைக்குப் போனேன். முதலில் அவன் கணக்கை முடித்துவிட்டு உன்னிடம் வரலாம் என்று. உள்ளே நுழைந்ததும் கடையே எழுந்து நின்றது. முதுகில் தட்டுகிறார்கள், கையெழுத்துக்குக் காகிதம் நீட்டுகிறார்கள். எம்மெட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "டேய், என் மச்சான்டா இவன், பாத்துக்குங்க" என்றான். அவன் மூச்சில் வெங்காய வாடை. நான் அவனை உதறிவிட்டு, "எங்க அக்காவ மிதிச்ச காலு எது, காட்டு" என்றேன்.

நான் ஓங்கினேன், அக்கா. தோளிலிருந்து, இடுப்பிலிருந்து, எனக்குள் இருந்த அத்தனையையும் திரட்டிக்கொண்டு ஓங்கினேன். கை போயிற்று. அவன் தாடைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. கை நின்றது. பதினேழு வருஷமாக அங்கே நின்று பழகிய கை. எம்மெட் தலையைக்கூடத் திருப்பவில்லை. என் முஷ்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவ்ளோதானா?" என்றான். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் அடித்தான். அவனுக்குத் தூரம் பார்க்கத் தெரியாது. நான் மேஜை மேல் புரண்டு, நாற்காலியோடு சாய்ந்து, உள்ளங்கையால் தரையை அடித்து விழுந்தேன். அப்படி விழ நினைக்கவில்லை. உடம்பு தானாகச் செய்தது. கடை முழுக்கக் கை தட்டினார்கள். நான் எழுந்திருக்காமல் கிடந்தேன். யாரோ 'கட்' சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எம்மெட் என்னைத் தாண்டிப் போய் எல்லோருக்கும் ஒரு சுற்று சாராயம் வாங்கினான்.

இந்த முகத்தோடு உன் கட்டில் பக்கம் வந்து நிற்க எனக்குத் துணிவில்லை. மருத்துவமனை வாசல் வரை வந்தேன். திரும்பிவிட்டேன். புதன்கிழமை காலை எனக்குப் படப்பிடிப்பு.

ஆகஸ்ட் முடியட்டும். வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

வெட்கத்தோடு,
ஸ்டிப்போ

*

மாவட்டச் சிறை
28 செப்டம்பர் 1948

ஸ்டிப்போவுக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். எம்மெட் செத்துவிட்டான். நான்தான் கொன்றேன்.

ஆகஸ்ட் முடிந்தது. உன் கடிதம் வரவில்லை. செப்டம்பரில் இரண்டு வரி வந்தது, மழையால் படப்பிடிப்பு நீள்கிறது என்று. இதற்கிடையில் எம்மெட் மதுக்கடையில் நடந்ததை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்ட ஆரம்பித்திருந்தான். அவன் எம்மெட். நான் நீ. "ம், ஓங்குடி. உன் தம்பி மாதிரி ஓங்கு. அங்கேயே நிறுத்து" என்பான். பிறகு அவன் முறை. நான் உன்னைப் போல மேஜை மேல் விழ வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு விழுந்தேன். அவன் கூட்டாளிகள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, ஒரு தடவ ஓங்கு பாப்போம்" என்றான். என் கையில் நிலக்கரி அள்ளும் மண்வெட்டி இருந்தது. ஓங்கினேன். என் கை நிற்கவில்லை.

அவன் உன்னைப் போல விழவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். சூப்பைப் பார்த்தான். எழுந்திருக்கப் போனான், அதனால் இன்னொரு தடவை அடித்தேன். பிறகும் அவன் சாகவில்லை. தரையில் கிடந்து குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டேயிருந்தான். என் பெயரை மறந்துவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. கால்சட்டை நனைந்துவிட்டது. வெகு நேரம் ஆயிற்று. நீ இத்தனை படங்களில் செத்திருக்கிறாய். ஒன்றில்கூடச் சரியாகச் சாகவில்லை, தம்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வக்கீலாக ஓக்ஸ் என்று ஒருவரை நியமித்திருக்கிறார்கள், நல்ல மனிதர். அவன் என்னை அடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். மிசஸ் ஹர்லி மட்டும் திறந்திருக்கிறாள். ஆள் இல்லாத நேரத்தில் நான் சமையலறையில் தினமும் விழுந்து விழுந்து எழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். "அடியே படாம அடிபட்ட மாதிரி விழப் பழகினா. தம்பி தொழில் அக்காவுக்கும் வரும்தானே" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நான் அடிபட்டதெல்லாம் நடிப்பாம். விலா உடைந்ததுகூட மருத்துவமனை ஏட்டில் படியில் விழுந்தது என்றுதான் இருக்கிறது. திட்டம் போட்டுப் பழகிக் கொன்றேனாம். இது எடுபட்டால் தூக்குக்கூட வரலாம் என்கிறார் ஓக்ஸ்.

நான் ஏன் விழப் பழகினேன் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உன் கடிதங்களை நீ சொன்னபடி எரித்துவிட்டேன். நீ வந்து கூண்டில் நின்று, "அவ அடி தாங்க முடியாம எனக்கு எழுதினா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று சொன்னால் போதும். நான் உனக்கு எழுதியவை இருந்தால் எடுத்து வா.

வழக்கு நவம்பர் எட்டாம் தேதி. அடிக்கச் சொல்லவில்லை. வந்து பேசச் சொல்கிறேன்.

உன் அக்கா,
ஜெல்கா

*

ஹாலிவுட்
20 அக்டோபர் 1948

என் அன்பான, பாவப்பட்ட அக்காவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். நீ நினைப்பதுபோல நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. தினமும் அழுகிறேன்.

படம் நவம்பர் பன்னிரண்டில் வெளியாகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் உச்சம் என்கிறார்கள். ஸ்டூடியோ வக்கீல் என்னைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அக்கா, நிதானமாகக் கேள். "ஜூரியில உக்காந்திருக்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒங்க மூஞ்சியத் திரையில பாத்திருப்பான். நீங்க கூண்டுல ஏறினா, அந்தக் குடும்பமே இப்படித்தான்னு முடிவு கட்டிருவான். ஒங்க அக்கா கழுத்துல கயித்த நீங்களே மாட்டின மாதிரி ஆகும்" என்றார். யோசித்துப் பார். பதினேழு வருஷமாக நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட யாரும் உண்மை என்று நம்பியதில்லை. என் முகம் உனக்குக் கெடுதல். நான் வராமலிருப்பதே உனக்கு நான் செய்யக்கூடிய உதவி.

உன் கடிதங்களை ஸ்டூடியோ வக்கீல் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறார். ஓக்ஸுக்குத் துணையாக ஒரு பெரிய வக்கீலை என் செலவில் அனுப்புகிறேன். தலைநகர் ஹெலெனாவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லையாம்.

மாதா கோயிலில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினேன்.

என்றும் உன்,
ஸ்டிப்போ

*

ஹாலிவுட்
14 ஜூன் 1949

அன்பான அக்காவுக்கு,

தீர்ப்புக்குப் பிறகு நான் போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. சிறையில் கொடுக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. தூக்கு இல்லை, பதினெட்டு வருஷம் என்று கேட்டபோது முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன். உயிர் இருக்கிறதே. நல்ல நடத்தைக்கு வருஷங்களைக் குறைப்பார்கள்.

தனி வீடு எடுத்துவிட்டேன். வாசலில் எலுமிச்சை மரம் இருக்கிறது.

இன்று எழுதுவது ஒரு காரியத்துக்காக. வேறு யார் மூலமாகவும் உனக்குத் தெரியக் கூடாது. ஸ்டூடியோ உன் வழக்கைப் படமாக எடுக்கப் போகிறது. பெயர், ஊர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நான் வேண்டாம் என்றுதான் வாதாடினேன். நான் இல்லாவிட்டாலும் எடுப்பார்கள். மேஸ்திரி வேஷத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். சுவரொட்டியில் இரண்டாவது பெயர். டைரக்டர், "பாரிக், அவன நேர்ல பாத்தவன் நீ ஒருத்தன்தான். வேற எவன் செஞ்சாலும் அது பொம்மையாயிடும்" என்கிறார். நான் செய்தால் அவனைச் சரியாகக் காட்டலாம், ஜனம் அவனை வெறுக்கும்படி செய்யலாம், அதுவாவது உனக்கு நியாயமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கதையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுதான் எனக்கு வருத்தம். அதில் தம்பி கிடையாது. நீளம் அதிகமாகிறது என்று எழுத்தாளர்கள் எடுத்துவிட்டார்கள்.

நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் தொட மாட்டேன்.

உன் பதிலுக்கு ஏங்கும்,
ஸ்டிப்போ

*

மாநிலச் சிறை, மொண்டானா
3 ஜூலை 1949

ஸ்டிப்போவுக்கு,

கடிதங்களைக் கொடுக்கிறார்கள். எல்லாம் வந்தன.

எனக்கு இங்கே துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. விலா மழைக்கு மட்டும் வலிக்கிறது. வலது காது கேட்பதில்லை, அதனால் இடது பக்கம் படுத்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

நீ தாராளமாக நடி. எம்மெட்டைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பான். அடித்து முடித்ததும் அதைத் துடைத்துப் போட்டுக்கொள்வான். உன் டைரக்டருக்கு அது பிடிக்கும்.

தம்பியை எடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். வருத்தப்படாதே. அவர்கள் என்னைப் பார்த்ததுகூட இல்லை, ஆனால் கதையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டில் எனக்குத் தம்பி இருக்கவில்லை.

ஜெல்கா